பதினைந்து அங்குலம்

அளவுகோல் வெறும் மூங்கில்தான்.
இரண்டடியில் ஒரு சிவப்புக் கோடு,
என் கையால் போட்டது.

புக்கிட் மெர்தாஜம் மலைக்கு இந்தப் பக்கம்
எங்கள் தோட்டத்தின் பதினோராம் காடு
சரிவில் கிடந்தது.
சண்டைக்கு முன்பு அதை
மொட்டைத் தலைபோல் வழித்து வைத்திருந்தார்கள்.
ஒரு புல் தலைகாட்டினால் கங்காணிக்கு ஏச்சு.
அந்தச் சுத்தம் மழைக்கு மிகவும் பிடித்துப்போனது.
ஐப்பசி தவறாமல் வந்து
மேல்மண்ணைப் பாயாகச் சுருட்டி
ஜூரு ஆற்றுக்குக் கொண்டுபோனது.
கித்தா மரங்கள் முழங்கால் தெரிய நின்றன.

ஐம்பத்து மூன்றில் புதுத் தொரை வந்தார்.
புல்லை விடு என்றார்.
மூடுகொடி விதை தூவு என்றார்.
சரிவுக்குக் குறுக்கே, நிரைக்கு நிரை,
ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம்,
குழி வெட்டு,
விழுந்த இடத்திலேயே மழை உட்காரட்டும் என்றார்.

நாலு குழிக்கு ஒரு பேர்.
ஆழம் குறைந்தால் அரைப்பேர்.
அளப்பது நான்.

பாவாயி சனிக்கிழமை நாலு குழி வெட்டினாள்.
ஞாயிறு இரவு
தகரக் கூரை பேச விடாமல் பெய்தது.
திங்கள் காலை என் மூங்கில்
ஒன்பது அங்குலத்தில் நின்றுகொண்டது.
கீழே சேறு, தயிர்போல் தளர்ந்து.
அழுத்தியிருந்தால் இறங்கியிருக்கும்.
நான் அழுத்தவில்லை.

"கிராணி,
குழி வெட்டினது என் வேலை.
குழி நெறஞ்சது மழையோட வேலை.
ரெண்டையும் ஒரே குச்சியில அளந்தா எப்படி?"

நான் பென்சிலை நாக்கில் தொட்டேன்.
அவள் சேலையைச் சொருகிக்கொண்டு
குழிக்குள் இறங்கிவிட்டாள்.
இரண்டு கையாலும் சேற்றை வாரி
மேலே நின்ற மரத்தின்
வெளித்தெரிந்த வேரில் அப்பினாள்.
வாரினாள். அப்பினாள்.
பக்கச் சுவரில் சங்கோல் கடித்த தடம்
வரிவரியாகத் தெரிய வந்தது,
மஞ்சள் களிமண்ணில்,
அடிவரைக்கும்.

நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு அரைப்பேர் எழுதினேன்.
மற்ற மூன்று குழியையும் அவள்
வார வேண்டியிருக்கவில்லை.

பத்து மணிக்குத் தொரை வந்தார்.
அடுத்த குழியில் கைத்தடியை விட்டு
முகமெல்லாம் மலர்ந்தார்.
"பதினைந்து அங்குலம்! ஒரே மழையில்!"
ஆற்றுக்குப் போகாமல் நின்ற மண்ணை
கன அடிக் கணக்கில்
தன் தோல் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அதே பதினைந்து.
என் ஏட்டில் அது பாவாயி வெட்டாத ஆழம்.
அவர் ஏட்டில் அது தோட்டம் மீட்ட நிலம்.
இரண்டு ஏடும் ஒரே அலமாரியில்
ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணி.
மலை உச்சியைக் கறுப்பு மூடிக்கொண்டிருந்தது.
ஆபீஸ் வாசலில் அவள், கையில் என் மூங்கில்.
"இப்ப வா. மழை வர்றதுக்குள்ள அள."

போனேன்.
எழுபத்திரண்டு குழி.
பெண்கள் குழிக்கொருத்தியாக நின்று
எண்ணைக் கூவினார்கள்.
கொடியில் கால் சிக்கி இரண்டுமுறை விழுந்தேன்;
சிரித்தது வெள்ளையம்மா, மறைக்காமல்.
அறுபத்தொன்றாம் குழியில்
முதல் துளி ஏட்டில் விழுந்தது.
பிறகு கோடும் தெரியவில்லை, குச்சியும் தெரியவில்லை.

"மிச்சம்?" என்றேன்.
"ரெண்டடி" என்றாள் பாவாயி.

பதினோரு தடவை இரண்டடி என்று எழுதினேன்.
அளக்காமல் நான் எழுதிய எண்கள்
வாழ்நாளில் அவை மட்டும்தான்.

மழை இறங்கியது.
கீழே ஓடும் சத்தத்துக்குக் காது கொடுத்தேன்.
குழி குழியாக நின்று
தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது,
எருமை குடிப்பதுபோல்.

அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தை மட்டும்
நான் திருத்தவில்லை.
திருத்த ஒரு வாரம் இருந்தது.
மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு
கையெழுத்தும் வைத்தேன்.