கைநீர்

தூசிக்கு அனுமதி இல்லாத அறை.
தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி,
வெளியே தெரிவது கண்கள் மட்டும்.
சம்பால் இடித்துவிட்டு வந்த நாளில்
ரொஹாயாவுக்கு இடது கண் சிவந்திருக்கும்.
அதை வைத்தே அவள் வீட்டுச் சாப்பாடு
எனக்குத் தெரிந்துவிடும்.

தாளுக்கும் அனுமதி இல்லை, நார் உதிருமாம்.
அதனால்
மெஷின் ஒரு தட்டு முடித்து
அடுத்த தட்டு எடுப்பதற்குள்
வாயிலிருந்து காதுக்குப் போனது எங்கள் சமையல்.
சியூ லான் மிளகாயை இருமலால் அளப்பாள்:
எண்ணெயில் போட்டதும் ஒரு தடவை இருமினால் சரி,
இரண்டு தடவை என்றால் அள்ளி வெளியே போடு.
புஷ்பவள்ளிக்கு எல்லாமே
"ஒரு மாதிரி வாசம் வரும்ல, அப்ப இறக்கிடு."
எந்த மாதிரி என்று கேட்டால் கோபம் வரும்.

விடியற்காலை மூன்று மணி இடைவேளை.
பாயான் லெப்பாஸ் முழுக்கத் தூங்கும்போது
கேண்டீனில் டப்பாக்களைத் திறப்போம்.
என் கெம்போங் மீன் குழம்பில்
ரொட்டியைத் தோய்த்த ரொஹாயா
மெல்லுவதை நிறுத்திவிட்டு
சொல்லு, என்றாள்.

சொன்னேன்.
புளி இவ்வளவு, சின்ன வெங்காயம் இத்தனை,
மீன் போட்ட பிறகு கரண்டி கூடாது,
சட்டியைத்தான் துணியால் பிடித்துச் சுற்றணும்.
எல்லாம் சொன்னேன்,
அடுப்பை அணைத்த பிறகு தூவும்
அரை ஸ்பூன் வறுத்த வெந்தயப் பொடியைத் தவிர.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.
மறக்கவில்லை.
என்னுடையது என்று பூட்டி வைக்க
ஓர் இழுப்பறை கூட இல்லாத வீடு என்னுடையது.

அடுத்த வாரம் வந்து சொன்னாள்:
"நீ சொன்னபடியே செய்தேன், வரவில்லை தவமணி.
உன் கைநீர் எனக்கில்லை."
மலாயில் அப்படிச் சொல்வார்கள், கைநீர்.
நாம் கைமணம் என்போம்.
நான் தலையாட்டி
அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.
கைமணத்தில் பாதி
வாய் சொல்லாமல் விட்டது.

அதே மாதம் அவள் எனக்குக்
கோழி ரெண்டாங் சொல்லிக்கொடுத்தாள்,
கெடுத்த கதைகளோடு சேர்த்து:
"தேங்காய் வறுக்கும்போது போன் வந்தால் எடுக்காதே.
நான் எடுத்தேன்.
அக்கா மகன் பரீட்சையில் பாஸ்.
தேங்காய் கரி."

முதல் தடவையே வந்தது எனக்கு.
வீட்டில் ஒரு துண்டு மிஞ்சவில்லை.
அன்றிரவு சட்டி தேய்க்கையில்
சோப்பு நுரைக்குள் என் கை கூசியது.

ஒன்பது மாதம் கழித்து,
மழையில் நகராத கம்பெனி பஸ்ஸில்,
முன் சீட்டின் கிழிசலைப் பார்த்தபடி
வெந்தயம் என்றேன்.

"வெந்தயமா?"
கொஞ்ச நேரம் கண்ணாடி ஜன்னலைத் துடைத்தாள்.
"என்னமோ குறைகிறதே என்று
நான் காந்தான் பூ போட்டுப் பார்த்தேன்.
இப்போது பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.
வெந்தயம் போட்டால் விடமாட்டார்கள்.
எங்கள் வீட்டில் அதற்குத்
தவமணி குழம்பு என்றே பெயர்."

சிரித்தாளா என்று பார்க்கவில்லை.
நான் ஒரு சொட்டுக்கூட ருசிக்காத குழம்பு
பாலேக் பூலாவில்
என் பெயரில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

இன்று லீவு.
ஜெலுத்தோங் சந்தையில் ஒரு காந்தான் பூ வாங்கினேன்.
மீன்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.
பலகை மேல் கிடக்கிறது,
ரோஜா நிறத்தில், விரல் மடக்கிய கைபோல.
காம்பிலிருந்து அரிவதா,
நுனியிலிருந்தா,
இதழ் பிரித்து முழுசாய்ப் போடுவதா,
வெந்தயமும் பூவும்
ஒரே சட்டியில் ஒத்துப்போகுமா?

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
எடுக்கவில்லை.
சரி,
தேங்காய் வறுக்கிறாள்.