இருப்புப் பதிவேடு

முழுசாய் இருந்தால் இரண்டு,
அரைகுறைக்கு ஒன்று,
இல்லையென்றால் சுழியம்.
முந்நூற்றுச் சொச்சம் கேள்விகளோடு
திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி வந்து இறங்கினேன்.
ஆரம்ப சுகாதார நிலைய வாசலில்
கோலம் போட்டிருந்தார்கள், எனக்காக.
அதற்குக் கேள்வி இல்லை.

கை கழுவும் தொட்டியில் சோப்பு.
விரலால் தடவினேன்.
அதன் பெயர் இன்னும் மேடாக இருந்தது,
ஒரு கையும் கரைக்காத எழுத்து.
சுழியம் போட்டேன்.
மருந்தாளுநர் அந்தோணிராஜ்
கூரையில் பல்லியைப் பார்த்தார்.

பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது.
சாவி வாட்ச்மேனிடம்.
வாட்ச்மேன் கொள்முதல் நிலையத்தில்,
ஈரநெல்லைக் கிளறிக்கொண்டு.
"அஞ்சு நிமிஷம் மேடம்" என்றார்கள்.
இருபது நிமிடம் நின்றேன்,
எனக்கும் அவசரம்தான்.

பரிசோதனை மேசைக்குத் திரை உண்டா?
உண்டு, பாதி வரைக்கும்.
மீதியைத் தன் முதுகால் மறைத்தபடி
ஒரு செவிலியர் நின்றிருந்தார்.
ஒன்று போட்டேன்.

வெளியே பெஞ்சில் பன்னிரண்டு பேர்.
வேம்பு என்ற பெண்ணுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்,
நகத்தில் நடவுச் சேறு.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்
எவ்வளவு திருப்தி என்று கேட்டேன்.
"எதுல திருப்தி?
அந்த டாக்டரு பொண்ணு காலைத் தொட்டுப் பாத்துச்சு.
தண்ணியில எறங்காதம்பாங்க எல்லாரும்,
அது அப்படிச் சொல்லல.
இன்னும் எத்தன நாளு நடவுன்னு கேட்டுச்சு,
அத்தன நாளைக்கும் களிம்பு குடுத்துச்சு.
இதுக்கு என்ன நம்பரோ நீயே போட்டுக்க."
நாலு போட்டேன்.
ஏன் ஐந்தில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

தடுப்பூசிக் குளிர்பெட்டியின் பதிவேடு.
காலை நாலு டிகிரி, மாலை நாலு டிகிரி,
ஆடி முழுக்க நாலு, ஆவணி முழுக்க நாலு,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
இந்த நாலுகளை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன்.
நடுவில் ஒரு வரி மட்டும் வேறு கையெழுத்து:
ஒன்பது புள்ளி இரண்டு. கரண்ட் இல்லை.
இரவு 2.40. ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன்.
ர. செண்பகவடிவு.
யார் என்றேன்.
இரவு நர்ஸ், தூங்கப் போயிருக்காங்க.
எட்டைத் தாண்டினால் குறை என்கிறது படிவம்.
அந்த நோட்டில் நான் நம்பிய ஒரே எண் அது.

அடுத்து பாம்புக்கடி மருந்து.
பட்டியலில் பத்துக் குப்பி.
அலமாரியில் காலி அட்டைப்பெட்டி.
"நேத்து ராத்திரி அறுவடை மெஷின் டிரைவர்,
ஆத்தூர்ப் பையன்.
வைக்கோலை இழுக்கறப்போ கட்டுவிரியன்.
பத்தையும் ஏத்திட்டுத்தான் ஆம்புலன்ஸ்ல வச்சோம்.
காலையில கண்ணைத் திறந்துட்டானாம்."
டாக்டர் இளவெயினி சொல்லும்போது
வாயோரம் கொஞ்சம் பெருமை.
எனக்கும்.

ஆனால் கேள்வி நேற்றைப் பற்றியதல்ல.
இருப்பு: இல்லை.
சுழியம் போட்டேன்.
அவர் முகம் மாறியது. மாறட்டும்.
இன்றிரவும் மெஷின் ஓடும்.
வெளிச்சத்துக்கு எலி சிதறும்,
எலிக்குப் பின்னால் அதுவும் வரும்.
ஒருவன் பிழைத்த கதையை
அடுத்தவன் நரம்பில் ஏற்ற முடியாது.

குளிர்பெட்டிக்கு இரண்டு போட்ட பிறகும்
கூட்டினால் அறுபத்தெட்டுதான்.
சான்றிதழுக்கு எழுபது வேண்டும்.
கையெழுத்து வாங்கினேன். காபி கொடுத்தார்கள்,
சர்க்கரை தூக்கல்.

அரிச்சந்திரா நதிப் பாலத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி
மாவட்ட மருந்துக் கிடங்குக்குப் போன் போட்டேன்.
"கேட்டு எழுதியிருக்காங்க மேடம், அனுப்பிடுவோம்."
கீழே ஆகாயத்தாமரை திட்டாக நகர்ந்தது.
அக்கரை வயலில் முதல் மெஷின்
விளக்கைப் போட்டது.
எத்தனை மணிக்கு, என்று கேட்டேன்.
"அனுப்பிடுவோம் மேடம்."
எத்தனை மணிக்கு.