பத்துக்கு இருபது

பத்துக்கு இருபது அடி.
காலை ஆறு மணிக்குள் மஞ்சக்குப்பம் மைதானத்தின் முன்னால் நிற்க வேண்டும்.
வாசகத்தை அவர்களே எழுதி வந்திருந்தார்கள்:
‘சிங்கத்தைக் கூண்டில் அடைக்கலாம். கர்ஜனையை?’
கேள்விக்குறி மட்டும் சிவப்பில், பெரிதாக.

தீர்ப்பு வந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை.
பத்து ஆண்டு.

இளம்பரிதியின் முகம் எனக்குப் புதிதல்ல.
ஆறு வருடமாக அவன் காதோரத்தை வெட்டி எடுப்பவள் நான்.
இடது காது மடங்கியிருக்கும், ஏதோ ஒரு பிடியில் நசுங்கியது.
முடிக்கு மட்டும் நாற்பது நிமிடம்.
பின்னால் புலி வைத்திருக்கிறேன், எரிமலை வைத்திருக்கிறேன்,
ஒருமுறை ஹெலிகாப்டர்.
மூக்கின் மேலிருந்த பருவை அழித்ததும் நான்தான்.

பார்சல் டீ வாங்கப் போனேன்.
‘தொட்டுட்டுக் கோட்டுக்குத் திரும்பிட்டா
பாயிண்ட்தானேப்பா’ என்றான் ஒருவன்.
சிரித்தார்கள்.
மாஸ்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.
‘ராத்திரி எட்டு மணிக்கு வீரர்கள் விடுதியில
அவளுக்கு என்ன வேலை?’

முழங்காலுக்கு ஐஸ் வைக்கிற வேலை.
பிசியோ படிக்கிற பெண்ணுக்கு வேறென்ன வேலை இருக்கும்?
இதை நான் சொல்லவில்லை.
தூக்குவாளி சூடாக இருந்தது, வேகமாக நடந்தேன்.

செம்மண்டலம் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரர்
பின்கண்ணாடி ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
யாரிடமும் எதுவும் பேசவில்லை.
தாடை போய்விட்டது, மீசை போய்விட்டது,
கண்கள் வர மறுத்தன.

அண்ணன் மகனின் ஒன்பதாம் எண் பனியனை
அண்ணி அடுப்படித் துணியாக்கிவிட்டாள்.
அவன் அழுதான். ‘அவரு கெட்டவராம்மா?’
அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அவள் பெயரை அச்சடிக்கக் கூடாது, சட்டம்.
அதனால் ஊர் அதை வாயால் சொல்லிக்கொள்கிறது.
முதுநகரில் வலை விற்கும் கடையில்
அவள் அப்பா கணக்கு எழுதுகிறார் என்பதையும்,
வருகிறவர்கள் இப்போது
நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு
விலை கேட்காமல் போகிறார்கள் என்பதையும்.

‘கோப்பை வாங்குன படத்தையே போடு வேதா,
அதுலதான் சிரிப்பு நல்லா இருக்கும்’ என்றார் முதலாளி.
மூன்று வருடத்துப் பழைய ஃபைல்.
சூரியன், நெருப்பு, எழுத்து, எழுத்துக்கு நிழல்,
ஒவ்வொரு லேயராக அணைத்துக்கொண்டே போனால்
அடியில் அசல் படம்.
தேவனாம்பட்டினம் கடற்கரை, காகிதத் தோரணம்.
அவன் பக்கத்தில் ஒரு பெண்,
கையில் வலி ஸ்ப்ரே, வாயெல்லாம் சிரிப்பு,
தானே ஆடி ஜெயித்ததுபோல.
அவள் தோளில் அவன் கை.

‘யாரு இது, இடத்த அடைக்குது’ என்றார்கள் அன்று.
வெட்டினேன்.
கை மட்டும் அந்தரத்தில் நின்றது.
அதன்மேல் வார்டு பிரமுகரின் வட்டப் படத்தை ஒட்டினேன்.
சரியாகப் பொருந்தியது.

இன்று பிரமுகர் போன் செய்தார்:
‘இந்த போர்டுல என் படம் வேணாம்.’

எடுத்தேன்.
கை திரும்ப வந்தது,
ஐந்து விரலும் லேசாக வளைந்து.
அதை அழிக்க இரண்டு நிமிடம் போதும்.
பக்கத்து மணலை எடுத்து மேலே பூசினால் முடிந்தது.
மணி பதினொன்றரை.
மெஷினுக்கு அனுப்பிவிட்டேன்.

விடியற்காலை சாரத்தில் ஏற்றிக் கட்டினார்கள்.
ஓட்டையில் கயிறு கோத்தவன்தான் முதலில் பார்த்தான்.
‘என்னடா, கை சும்மா நீட்டிக்கிட்டு நிக்குது?’

கீழே இருந்தவர்கள் கொஞ்சம் பின்னால் போய்
தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.
‘இருக்கட்டும்டா,
ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கு.’

பட்டாசு வைத்தார்கள்.
மைதானத்துக்கு ஓடப் பயிற்சிக்கு வந்த பெண் பிள்ளைகள் நால்வர்
அந்தக் கைக்கு அடியில் போகாமல்
சாலையைக் கடந்து
எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள்.