தொப்பிக்குள்

விபூதிப் புதன். கல்கரியில் மைனஸ் இருபத்திரண்டு.
ஏழு மணிக்குப் பூசை, ஒன்பதுக்கு நேர்முகம்.
நெற்றிச் சாம்பலை அழிப்பதா, விடுவதா என்று
ரயிலில் எட்டு நிறுத்தம் யோசித்தேன்.
கம்பளித் தொப்பியைக் கழற்றி
லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தால்
ஒன்றுமில்லை.
நான் மறுதலிக்கவில்லை, ஆண்டவரே,
கம்பளி துடைத்துவிட்டது.
நிம்மதியாய் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

"ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள், மிஸ் சவிரிமுத்து?"
காலையில் சுவாமி பெருவிரலால்
இதற்குத்தான் பதில் எழுதியிருந்தார்.
"மேசைக்கு அந்தப் பக்கம்" என்றேன்.
சிரித்தார்கள். வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது.
பூசையில் கேட்டதும் அதைத்தான்.

வெளியே காது விறைத்தது.
தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டேன்.
சாம்பல் பட்ட பக்கம்
நெற்றிக்கு வந்ததா, பிடரிக்குப் போனதா,
தெரியவில்லை.
கழற்றிப் பார்க்கவும் இல்லை.