இரண்டு குறைகிறது

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு தொலைநோக்கி.
மன்னார்குடியில் ஒரு கண்ணாடிக்கடை மூடியபோது
பாதி விலைக்குக் கிடைத்தது.
இடக்கண்ணில் எப்போதும் மார்கழிப் பனி.
வலக்கண்ணால் மட்டும் ஏரி தெரியும்.

நூறு எண்ணும்வரை ஆளுக்கு ஒரு முறை.
மற்றவர் பார்க்கும்போது அதியன்
அறுபதிலிருந்து எண்பதுக்குத் தாவிவிடுவான்.
தன் முறை வந்தால் நன்முகைக்கு
எழுபதுக்கு மேல் எண்களே மறந்துபோகும்.

ஞாயிறு விடியுமுன் வண்டியை எடுப்போம்.
ஒரே வண்டி, நான்கு பேர்,
எலுமிச்சைச் சோறு, தண்ணீர்க் கேன்,
யார் மடியிலும் அடங்காத ஒரு குடை.
வடுவூர் சாலையில் பாதியை
நெல் காயப்போட்டுப் பிடித்திருப்பார்கள்.
மீதிப் பாதியில் அறுவடை இயந்திரம் வரும்.
நாங்கள் ஓரமாக இறங்கி நிற்போம்.
அவர் அதன் டயரைப் பார்த்து
"இன்னும் ஒரு போகம் தாங்காது" என்பார்.
டயர் கடைக்காரருக்கு ஞாயிறு கிடையாது.

டயர் கம்பெனி கொடுத்த டைரியில்
கணக்கு எழுதுவது நான்.
கூட்டுறவு வங்கியில் வாரமெல்லாம்
பயிர்க்கடன் எழுதும் அதே கையெழுத்து:
கரண்டிவாயன் ஒன்பது.
அரிவாள் மூக்கன் முப்பத்தேழு.
முக்குளிப்பான், நிலுவை. (மூழ்கியது எழவில்லை.)
நத்தை குத்தி நாரை நூற்றுப் பன்னிரண்டு.
அதன் பக்கத்தில் பென்சிலால்: அப்பா சொல்வது 114.

கருவேல மரத்துக்குப் பின்னால் இரண்டு இருந்தன
என்பது அவர் கட்சி.
நான் பார்க்கும்போது இல்லையே
என்பது அதியன் கட்சி.
மூன்று நாள் சோற்றில் கைவைத்துக்கொண்டே
அந்த இரண்டு நாரைகளைப் பேசினார்கள்.

பிறகு ஆண்டுவிழா வந்தது.
என் நீலப் பட்டுச்சேலைதான் காவிரி.
மேடையின் இந்தக் கோடியில் கல்லணை,
பிடித்திருந்தவள் ஐந்தாம் வகுப்பு ஃபாத்திமா ருக்சானா.
அந்தக் கோடியில் பூம்புகார், எங்கள் நன்முகை.
நடுவில் பெண்கள் நாற்று நட்டார்கள்.
என்னைப் பார்த்ததும் ஒரு கையை விட்டு ஆட்டினாள்.
காவிரி கடைமடையில் தொய்ந்து தரையில் கிடந்தது.
"வருசா வருசம் நடக்கறதுதானே" என்றார்
முன்வரிசையில் ஒரு பெரியவர்.
அரங்கமே சிரித்தது. அவள் மட்டும்
பதறிப்போய் ஆற்றை வாரி எடுத்தாள்.
சேலையில் இப்போதும் ஒரு ஆணிக் கிழிசல்.

அடுத்து அதியன்.
தலைப்பு: நேரம் தவறாமை.
"பேரன்பு கொண்ட பெரியோர்களே" வரை சரியாக வந்தான்.
அதன்பின் ஒன்றும் வரவில்லை.
மைக் மட்டும் உய்யென்றது.
என் வாய் தானாக அசைந்தது;
அவன் என் பக்கமே பார்க்கவில்லை.
கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:
"கரண்டிவாயன் ஒன்பது."
தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.
"அரிவாள் மூக்கன் முப்பத்தேழு.
நத்தை குத்தி நாரை நூற்றுப் பன்னிரண்டு."

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.
"நூத்திப் பதினாலு! ரெண்டு குறையுது!"

பத்து வருஷத்தில் என் கணவர்
ஒரு கூட்டத்தில் வாய் திறந்து நான் கேட்டது அதுதான்.

அதியன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான்.
"நான் பாக்காததை நான் எப்படிப்பா சொல்றது?"

கைதட்டினார்கள். ஏன் தட்டினார்கள் என்று
தட்டியவர்களுக்கே தெரிந்திருக்காது.
ஆறுதல் பரிசு ஒரு டிபன் பாக்ஸ்.
மூடி சேரவில்லை; ரப்பர் பேண்டு போட்டிருக்கிறோம்.

இந்த ஞாயிறு எங்களுக்குப் பின்னால் இன்னொரு வண்டி:
கல்லணை, அவள் அப்பா, தம்பி,
ஒரு தூக்கு நிறைய பிரியாணி.
ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது.
நாரைகளும் பாதி கிளம்பிவிட்டன.
இனி ஆளுக்கு ஐம்பதுதான் என்று தீர்மானமானது.

என் முறை.
யாரோ எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.
வலக்கண்ணில் முதலில் வெறும் சேறு,
பிறகு ஒரு கால்,
அது யாருடைய கால் என்று தேடுவதற்குள்
நாற்பத்தொன்று.