எலுமிச்சை ஆகாது

காலை ஆறரைக்குக் காசிமேட்டு வண்டி.
செவுள், செதில், சுறாவின் குடல்,
ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீர்.
ஏழே காலுக்கு மின்ட் தெருவின் பழைய பாகு.
எட்டரைக்கு மண்ணடி மண்டபத்துத் தேக்சாவின் அடி.
முகூர்த்த நாளென்றால்
தண்டையார்பேட்டையே என் வாசலில் வந்து கவிழும்.

நான் பெஞ்சலம்மா.
ஏட்டில் என் பேருக்கு எதிரே
'இயக்குநர், ஒப்பந்தம்' என்று இருக்கிறது.
எந்தப் படம்மா, என்கிறான் மகன்.

நான் இயக்குவது ஒரு வயிற்றை.
கண் இல்லை, கை இல்லை, பல்லும் இல்லை.
அரைத்துத்தான் ஊட்ட வேண்டும்.
எலும்பு ஆகாது, முட்டை ஓடு ஆகாது.
சாம்பாரில் மூழ்கிக் கிடந்த ஒரு ஸ்பூன்
போன வருஷம் மோட்டாரைக் கொன்றது.

வைகாசியில் ஒருநாள்
ஜூஸ் கடைத் தோல், மூன்று மூட்டை.
புது டிரைவர் லாசரஸ்
கேட்காமல் கொட்டிவிட்டான்.
இரண்டாம் நாள் பலூன் தொங்கியது.
மூன்றாம் நாள் மூடியைத் தூக்கினால்
புளித்த ஏப்பம்.
இன்ஜினியர் போனில் ஏதோ எண் கேட்டார்.
எண் எதற்கு?
என் பெரியவள் கைக்குழந்தையாய்
பால் கக்கிய நாளின் வாசம் அது.

தீனியை நிறுத்தினேன்.
சுண்ணாம்புத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாய்.
புளியந்தோப்பில் எருமை கட்டும் கோதண்டத்திடம்
இருபது பக்கெட் சாணி, கடனுக்கு.
"ஊரு பிரியாணியெல்லாம் போட்டு வளத்த,
கடைசில என் எருமைகிட்டதான வந்த?"
ஆமாம்பா, என்றேன்.

பட்டினி போட்ட நாளெல்லாம்
வண்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன.
கொடுங்கையூர் பக்கம் கைகாட்டினேன்.
அந்த மலைக்கு எதுவும் ஆகும்,
எலுமிச்சையும் ஆகும், ஸ்பூனும் ஆகும்.
செரிக்காது, அவ்வளவுதான்.
உள்ளுக்குள்ளேயே புகையும்.
வெயிலில் ஒருநாள் பற்றிக்கொள்ளும்.
இருமுவது நாங்கள்.

ஏழாம் நாள் ராத்திரி
மூடி திறக்காத ஒரு தேக்சா வந்தது.
தொட்டால் சுட்டது.
மேலே தூவிய மல்லித்தழைகூட வாடவில்லை.
மாப்பிள்ளை வீட்டார் சண்டையாம், பந்தியே நடக்கவில்லையாம்.
லாசரஸ் என்னைப் பார்த்தான்.
நான் எடைச் சீட்டைப் பார்த்தேன்.
பேனா அன்றைக்கு எழுதவில்லை.
எங்கள் சந்தில் அன்று
ஒரு வீட்டிலும் கேஸ் பற்ற வைக்கவில்லை.
மிச்சம் பிடித்த எரிபொருள் என்று
அதையும் யாராவது கணக்கெழுதிக்கொள்ளட்டும்.

பன்னிரண்டாம் நாள்
பலூன் ஒரு பக்கமாய் முட்டியது,
தூளியில் பிள்ளை புரள்வது மாதிரி.
குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தேன்.

நீலம்.
சத்தம்கூட இல்லை.
அதில் சுறா இல்லை, ஜிலேபி இல்லை,
யார் இலையில் யார் மிச்சம் வைத்தார் என்பதும் இல்லை.

முதல் தீயில் டீ போட்டேன்.
தூள் தூக்கலாய், லாசரஸுக்கும் ஒன்று.
வாங்கிக்கொண்டு கேட்கிறான், பாவி:
"லெமன் டீயாக்கா?"