விரற்கடை

ஓக்லஹோமா. எனிட் நகருக்கு வெளியே சந்தைத் திடல்.
காலை பதினோரு மணிக்கு நடுவர்கள் வருவார்கள்.
இப்போது இரவு ஒன்றேகால்.
மடக்கு நாற்காலியில் டெல்ஃபீன் ரஸ்க்,
எதிரே கறுப்பு இரும்பு உருளை,
உள்ளே பதின்மூன்று பவுண்டு மாட்டு நெஞ்சுக்கறி.
கரிக்கும் கறிக்கும் நடுவே ஒரு எழுத்துதான்;
ஒரு முழு இரவு நீளம்.

மூடியில் பதித்த முள்ளை அவள் நம்புவதில்லை.
அது மூடியின் சூட்டைச் சொல்லும்.
கம்பி வலைமேல் தனியாக ஒரு வெப்பமானி:
இருநூற்று இருபத்தைந்து என்றால் உட்கார்ந்திருப்பாள்,
இருநூற்று நாற்பது என்றால் எழுந்து
கீழ்த் துவாரத்தை அரை விரற்கடை சாத்துவாள்.
உடனே திரும்பிப் பார்க்க மாட்டாள்.
நெருப்புக்குச் சேதி போய்ச் சேரக்
கால் மணி நேரமாகும்.

இருபத்தாறு வருடம் எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவள்.
அங்கே திருகினால் நீராவி சொன்னபடி கேட்கும்.
கரி அப்படியில்லை. காற்றுதான் அதற்குச் சோறு.
கூடப் போட்டால் துள்ளும்,
குறைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு
வெள்ளையாய், கசப்பாய்ப் புகையும்.
கறி உள்ளே இருக்கும்வரை
மேல் துவாரத்தை அவள் மூடியதேயில்லை.
மூச்சுவிட விடாமல் யாரையும் அடக்க முடியாது
என்று இரண்டு கல்யாணத்தில் தெரிந்துகொண்டது.

இரண்டு மணிக்கு வடகாற்று.
கூடாரத் துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டன.
இருநூற்று எழுபது.
துவாரத்தைத் தொடவில்லை.
பிக்கப் வண்டியைக் கிளப்பி வந்து
காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

மூன்றரைக்கு கறியின் உள்சூடு நூற்று அறுபது.
நாலரைக்கும் நூற்று அறுபது.
ஐந்துக்கு நூற்று ஐம்பத்தொன்பது.
கறிக்கு வியர்க்கிறது. வியர்வை காயும்வரை ஏறாது.

பக்கத்துக் கொட்டகையில் லோமன் பிகெட்டுக்கு அது தாங்கவில்லை.
ஐந்து முறை மூடியைத் திறந்து பார்த்தான்;
பார்த்தால் வெந்துவிடுமா?
பற்றாத கரியை ஒரு மூட்டை கவிழ்த்தான்.
சாம்பல் அடைத்த அடுப்பு
ஒருமுறை இருமியது.
அப்புறம் இருட்டு, கெட்ட வார்த்தை, இருட்டு.

டெல்ஃபீன் தன் நெருப்பைப் பார்த்தாள்.
அவளுக்கே அளவாகத்தான் இருந்தது.
இரண்டு அகப்பை கங்கு அள்ளி
ஈரப் புல்லைத் தாண்டிப் போனாள்.
"முதலில் அடிச் சாம்பலைத் தட்டு"
என்றதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பி வந்தபோது இருநூற்று ஐந்து.
அரை விரற்கடை திறந்தாள்.
உட்கார்ந்தாள்.

எட்டரைக்கு இறக்கி, தாளில் சுற்றி,
பழைய துவாலை போர்த்தி
ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.
ஆக்கப் பொறுத்தாயிற்று. ஆறவும் பொறுக்க வேண்டுமே.
பெட்டியின்மேல் காலை நீட்டித் தூங்கினாள்.

லோமனுக்கு மூன்றாம் இடம்.
அவளுக்கு எட்டாவது.
கேடயத்தை எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியாமல்
அவன் வந்து நின்றான்.
"உன் கரியைத் திருப்பித் தரணும்" என்றான்.
"தா" என்றாள்.
குனிந்து கீழ்த் துவாரத்தைச் சாத்தினாள்,
பிறகு, நேற்று மாலையிலிருந்து முதல்முறையாக,
மேல் துவாரத்தையும்.